ஞானப்பூவுக்கும் வேதக்கண்ணுக்கும் நடுவில்

"ஏட்டி, கதவைச் சாத்திட்டு இங்கன வா. ஒண்ணு சொல்லணும்."

"சாத்துனா புகை அடையும் அத்தே. அடுப்புல உலை கெடக்கு."

"அடையட்டும். புகைக்குப் பயந்தா சாவப்போறேன்? அவன் எங்க?"

"வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருக்காக. வர மத்தியானம் ஆவும்."

"புள்ள?"

"ஆட்டுக்குட்டி பொறத்தால ஓடிட்டிருக்கா."

ஹெப்சிபா கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். மாமியார் ஜெபகனிக்குக் காய்ச்சல் கண்டு அன்றோடு ஒன்பது நாள்.

"எனக்கு ஒண்ணு செய்யணும். மாட்டேன்னு சொல்லப்பிடாது."

"சுக்குத்தண்ணியா அத்தே?"

"சுக்குத்தண்ணியக் குடிச்சிட்டு எந்திரிச்சு ஓடவா போறேன்? கேளு. எம் மூத்தவ பேரு உனக்குத் தெரியுமாட்டி?"

ஹெப்சிபா இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. புருஷனுக்கு ஓர் அக்காள் இருந்து சின்னதிலேயே இறந்துபோனாள் என்பது ஊரில் யாரோ சொல்லித்தான் தெரியும். "ஒரு மதினி இருந்தாகன்னு தெரியும். பேரு தெரியாது அத்தே."

"அருமைநாயகம்" என்றாள் கிழவி. சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்பதுபோல மூடிய கதவைப் பார்த்தாள். "பத்து வயசு. எங் கிளாசுலயேதான் படிச்சா. காலையில வாந்திபேதி கண்டுச்சு, வெளக்கு வைக்கதுக்கு முன்ன போயிட்டா. ஏழாம் நாளு நான் அடுப்படியில உக்காந்து, அவ பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுனேன். ஆண்டவரே, எம் புள்ளைக்கு வேத்து ஆளுகன்னா பயம், நீர் கூடவே இரும்னு. அம்புட்டுத்தான் கேட்டேன்."

"செத்தவுகளுக்கு ஜெபம்..."

"கெடையாது. நம்ம சபையில கெடையாதுன்னு புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்தவளே நாந்தான். உங்க மாமா உபதேசியாரு. அவுக காதுல போயி யாரோ சொல்லிட்டாக. குருவானவரு வரைக்கும் போச்சு. மூணு மாசம் எனக்கு நற்கருணை இல்லன்னுட்டாக. கோயில்ல எல்லாரும் எந்திரிச்சு முன்னால போறாக, நான் மட்டும் பாயில உக்காந்து பாத்துட்டு இருக்கேன். பொறவு அவ பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கப்பிடாதுன்னு உங்க மாமா சொல்லிட்டாக."

"மாமாட்டப் போயி யாரு அத்தே சொன்னது?"

ஜெபகனி மூடிய கதவை மறுபடி பார்த்தாள்.

"உம் மாப்பிளைக்கு அப்ப ஏழு வயசுட்டி. நல்லதுன்னு நெனச்சுத்தான் சொல்லிருக்கான். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. நான் போயி, 'ஏலே, உங்க அக்கா பேரை ஒரு தடவ ஜெபத்துல சொல்லு'ன்னு கேட்டா, அம்மைக்குத் தெரிஞ்சிருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். அதான் இம்புட்டு வருஷமா கேக்கல. நீ கேளு. நான் போன பொறவு கேளு. அவளுக்காக ஆண்டவர்ட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். பேரு மட்டும் போதும். அவன் வாயால."

அவள் கையை நீட்டினாள். ஹெப்சிபா அதன்மேல் தன் கையை வைத்தாள். உலை பொங்கி அடுப்பில் வழிகிற வாடை வந்தது. இருவரும் எழவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷத்துப் புரட்டாசி. அதிலிருந்து நாலாம் நாள் ஜெபகனி இறந்தாள்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குத் தென்கரையில் ஏலிம் குடியிருப்பு என்று நாற்பது வீடுகள். நடுவில் ஓலை வேய்ந்த கோயில், அதையொட்டிப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஜெபகனி முப்பத்தோரு வருஷம் வாத்திச்சியாக இருந்தாள். ஓய்வு பெற்ற பின்னும் ஊர் அவளை வாத்திச்சியம்மா என்றுதான் கூப்பிட்டது. தொடக்க காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து வருவாள். "பொட்டப்புள்ளைக்கு எழுத்து எதுக்கு, மாப்பிளைக்குக் காயிதம் போடவா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "மாப்பிளை போடுத காயிதத்தப் படிக்கத் தெரியாட்டா, அடுத்தவளுக்குப் போட்டத உனக்குன்னு நெனச்சுப் பெட்டியில வச்சுக்கிடுவ" என்றாளாம். அந்த வீட்டிலிருந்து மறுநாள் மூன்று பிள்ளைகள் வந்தன.

அவள் மகன் தேவசிகாமணிக்குச் சபை மூப்பர் பதவி. ஆற்றோரம் ஒன்றரைக் கோட்டை விதைப்பாடு நெல்லும், அதற்கு மேலே கொஞ்சம் வாழையும் உண்டு. உரக்கப் பேசமாட்டார். பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, அவளை அதட்டியதும் இல்லை. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் நேராக எதையும் கேட்பதில்லை. எல்லாம் ஜெபத்தில்தான்.

விளக்கேற்றியதும் பாயை விரித்து நாலு பேரும் முழங்காலிடுவார்கள். ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். "ஆண்டவரே, தொழுவத்துக் கூரை பிய்ந்து பசு நனைகிறதை நீர் பார்க்கிறீர். உமது அடியான் தேவசிகாமணி இன்னும் பார்க்கவில்லை" என்பாள் ஜெபகனி. மறுநாள் விடியும்போது தேவசிகாமணி ஓலைக்கட்டோடு கூரைமேல் இருப்பார். அவர் முறை வரும்போது, "கர்த்தாவே, உப்புக் கூடிய குழம்பையும் ஸ்தோத்திரத்தோடு உண்ணும் இருதயத்தைத் தாரும்" என்பார். ஹெப்சிபா கண்ணை மூடிக்கொண்டே உதட்டைக் கடிப்பாள். கண் மூடியிருக்கும்போது கேட்டதற்கு மறுப்பு இல்லை, எதிர்வாதம் இல்லை. சண்டையும் சமாதானமும் அங்கேயே முடிந்துவிடும்.

ஹெப்சிபாவின் ஜெபம் மட்டும் வந்த நாள் முதல் ஒன்றேதான். "ஆண்டவரே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். இந்த வீட்டைக் காத்துக்கொள்ளும்." அதற்குமேல் அவளுக்கு வாய் வராது. "எம் மருமவ ஆண்டவருக்குக்கூடக் கஞ்சத்தனமாத்தான் அளப்பா" என்று ஜெபகனி சிரிப்பாள்.

ஜெபகனி கடைசியாக ஒரு பட்டியல் சொல்வாள். அது அவள் முதன்முதலில் பாடம் எடுத்த வகுப்பின் வருகைப் பதிவு. முப்பத்தோரு பிள்ளைகளையும் அதே வரிசையில் பேர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்பாள். அதில் ஒருத்தி இறந்துவிட்டதாகச் சேதி வந்தால், அன்று மாலையிலிருந்து அந்தப் பேர் இருக்காது. இடைவெளியில்லாமல் அடுத்த பேருக்குப் போய்விடுவாள். சபையின் முறை அது. முப்பத்தொன்று தேய்ந்து பதினெட்டு ஆகியிருந்தது. அன்னப்பழம், மிக்கேலம்மாள், பாக்கியம், ஞானப்பூ என்று வந்து அங்கே நிறுத்துவாள். ஒரு பேரைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். பிறகு வேதக்கண். மூச்சு வாங்குகிறாள் என்று ஹெப்சிபா பத்து வருஷமும் நினைத்திருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாலை. மூன்று பேர் மட்டும் முழங்காலிட்டார்கள். தேவசிகாமணி ஜெபித்தார். ஹெப்சிபா தன் இரண்டு வரியைச் சொன்னாள். எட்டு வயது தேவமணி எப்போதும்போல ஆட்டுக்குட்டிக்காக ஜெபித்துவிட்டு நிறுத்துவாள் என்று பார்த்தால், அவள் ஆச்சியின் பட்டியலைத் தொடங்கினாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்டுக் கேட்டே பாடமாகியிருந்தது. "அன்னப்பழம், மிக்கேலம்மாள், பாக்கியம், ஞானப்பூ."

பிள்ளை நிறுத்தியது.

கூரை ஓலையில் மழைத்தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. ஹெப்சிபாவுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த பாயில் கிழவி முழங்காலிட்டிருப்பதுபோல இருந்தது.

"வேதக்கண்" என்றது பிள்ளை.

ஆமென் சொன்னதும் தேவசிகாமணி, "மணி, ஏன் நடுவுல நிறுத்துத?" என்றார்.

"அங்கன ஆச்சி நிறுத்துவா."

"நிறுத்த வேண்டாம். சேத்துச் சொல்லு."

மறுநாள் தேவமணி நிறுத்தாமல் சொல்லப் பார்த்தாள். ஞானப்பூவைத் தாண்டியதும் தடுமாறினாள். அடுத்த பேர் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மறுபடி அங்கேயே விழுந்தாள். "எனக்கு வரலய்யா, அந்த இடம் இருந்தாத்தான் மிச்சம் வரும்" என்று அழுதாள். தேவசிகாமணி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டார். அதன்பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை ஒவ்வொரு மாலையும் அந்த இடத்தில் நிறுத்தியது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. ஆற்றில் செந்தண்ணீர் வந்து அணைக்கட்டில் இரைகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. பிசான நடவு தொடங்கியது. ஹெப்சிபா முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டாள், வந்து பயற்றங்கஞ்சி காய்ச்சினாள், மறுபடி நடப்போனாள். எந்த வேலையில் இருந்தாலும் அந்த இடம் அவளைத் தொடர்ந்தது. உலக்கை ஏறி இறங்குவதற்கு நடுவில் அது இருந்தது. தண்ணீர் மொண்டு பானையைத் தூக்கும்முன் அது இருந்தது. கூட நட்ட பெண் ஒருத்தி, "என்ன மூப்பர் பொண்டாட்டி, நாத்தைக் கையில வச்சிக்கிட்டு யாருக்குக் காத்துக்கிட்டு நிக்க? கோட்டி புடிச்சிட்டா?" என்றாள்.

எப்படிக் கேட்பது? கேட்பதற்கென்று இந்த வீட்டில் இருந்த வழி ஒன்றுதான். அந்த வழியில் இதைக் கேட்க முடியாது. செத்துப்போன பிள்ளையின் பேரை ஜெபத்தில் எடுத்ததுதானே அன்று குற்றமானது? நேராக முகம் பார்த்துத்தான் கேட்க வேண்டும். கேட்டால், உங்கள் அம்மைக்கு எல்லாம் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். காப்பித் தூக்கோடு இரண்டு தடவை அவர் முன்னால் போய் நின்றாள். "என்ன?" என்றார். "கருப்பட்டி தீந்துட்டு" என்றாள். இரண்டாம் தடவையும் அதையே சொன்னாள். "முந்தாநாத்தான வாங்கிப் போட்டேன்?" என்று அவர் அதிசயமாகப் பார்த்தார்.

கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு முற்பகல், திரை கட்டிய வில்வண்டி ஒன்று வீட்டின் பின்புறம் வந்து நின்றது. இறங்கியவளின் பேர் சித்தி ஜனாபா. வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்தியிருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது அவள் வீடு. அவள் புருஷன் நூர்முகம்மது தேவசிகாமணியின் வாழைத்தார்களை வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். வியாழக்கிழமை தோறும் ஜெபகனி குடையோடு அணைக்கட்டைக் கடந்து அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவாள். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை.

சித்தி ஜனாபா அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து, ஓலைக்கொட்டானில் கொண்டு வந்திருந்த இனிப்புத் தொதலைத் தேவமணி கையில் கொடுத்தாள். "வாத்திச்சியம்மா மவுத்துக்கே வந்திருக்கணும் தங்கச்சி. நான் எங்கன வெளிய வர? நாளைக் கழிச்சுத் தூத்துக்குடியில கப்பலு. கொழும்புக்குக் குடியோட போறோம். அதான் அவுகள்ட்டக் கேட்டுட்டு வந்துட்டேன்."

"படிப்பு பாதியில நின்னு போச்சே மதினி" என்றாள் ஹெப்சிபா, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

சித்தி ஜனாபா சிரித்தாள். "படிப்பா? அது ரெண்டு வருஷத்துலயே முடிஞ்சிட்டு. பொறவு பத்து வருஷம் எதுக்கு வந்தாகன்னு நெனச்ச?"

ஹெப்சிபா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க வாப்பா மவுத்தாகி நாப்பதாம் நாளு, வீட்டுல பாத்திஹா ஓதுனோம். அவுக ஓரமா உக்காந்து பாத்துட்டிருந்தாக. எல்லாரும் போன பொறவு பைய கேட்டாக, 'உங்கள்ல செத்தவுக பேரைச் சொல்லலாமா?'ன்னு. சொல்லாம பொறவு? அவுகளுக்கு நம்மள விட்டா யாரு இருக்கான்னேன். புஸ்தகத்த மடியில வச்சிக்கிட்டு அழுதாக. நாந்தான் கேட்டேன், யாரு பேரைச் சொல்லணும்னு. அன்னையிலருந்து வியாழக்கிழமை அவுக வந்து உக்காந்ததும் கையேந்தி துஆ கேக்கும்போது அந்தப் புள்ள பேரைச் சொல்லுவேன். அவுக முந்தானையத் தலையில போட்டுக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பாக. எந்திரிச்சுப் போயிருவாக."

"மதினி, உங்க வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?"

"யாருக்குத் தெரியும்? பள்ளிவாசல் ஆலிம்சாட்ட நான் கேக்கல. கேட்டா அதுக்கு ஒரு பதிலு வரும். கேக்காட்டி துஆ பாட்டுக்குப் போவும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அங்கன போயும் சொல்லுவேன் தங்கச்சி. ஆனா நான் பேரை மட்டும் அறிஞ்சவ, மொகத்தைப் பாக்காதவ. அந்தப் புள்ள கூடப் படுத்து, கூடச் சோறு தின்ன ஆளு துனியாவுல இனி ஒரே ஒருத்தர்தான் இருக்காக."

வண்டி போன பிறகு ஹெப்சிபா அப்படியே நின்றாள். மாமியார் குடையை விரித்து வெயிலில் போவதையும், திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டு, "சோறு வையிட்டி, பசிக்கு" என்று தெளிந்த முகத்தோடு சொல்வதையும் நினைத்துப் பார்த்தாள். ஒரு பேரைக் கேட்பதற்காக அறுபது வயதுக் கிழவி ஆற்றைக் கடந்து போயிருக்கிறாள்.

அன்று மாலை ஜெபத்தில் தேவமணி ஞானப்பூவுக்கு வந்து நிறுத்தினாள். ஹெப்சிபா தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்தாள். எதிரில் தேவசிகாமணியும் கண்ணைத் திறந்திருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகள் திறந்து, அப்படியே மூடிக்கொண்டன. "வேதக்கண்" என்று பிள்ளை சொன்னதும் அவர் இமைகளை இறுக்கிக்கொண்டார். கையும் களவுமாகப் பிடிபட்ட சிறுபையனின் முகம்போல இருந்தது அது. முப்பத்திரண்டு வருஷமாக இந்த மனிதரும் தினமும் இந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

விடியற்காலம் காற்று எழுந்தது. மேற்கே பாபநாசத்து மலை மூடிக்கிடந்தது. வெளிச்சம் வந்து பார்த்தபோது வாழையில் பாதி சாய்ந்திருந்தது. தேவசிகாமணி முட்டுக்கம்புகளைத் தோளில் சுமந்துகொண்டு ஓடினார். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஹெப்சிபா கஞ்சிக்கலயத்தோடும் கயிற்றுச் சுருளோடும் போனபோது அவர் இடுப்புவரை நனைந்து, தாரோடு சாய்ந்துகொண்டிருந்த ஒரு ஏத்தன் வாழையைத் தோள்கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றார்.

"கலயத்த வச்சிட்டு வா. தண்டு நசுங்காம முட்டுல சேத்துக் கட்டு. பைய, பைய. தாரு முறிஞ்சிரும்."

அவள் சேற்றில் இறங்கினாள். கம்பின் கவட்டையைத் தார்த்தண்டுக்குக் கீழே கொடுத்து, கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஈரக் கயிறு வழுக்கியது. கிழிந்த இலைகளில் மழை படபடத்தது. அவருடைய மூச்சு அவள் காதருகே இரைந்தது. இரண்டு கையும் மரத்தில் இருந்ததால் அவரால் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்க முடியவில்லை.

"நேத்து அக்கரையிலருந்து நூர்முகம்மது அண்ணாச்சி வீட்டுல வந்தாகளாமே?" என்றார். "எதுக்கு?"

"கப்பலேறப் போறாகளாம். சொல்லிட்டுப் போக வந்தாக."

"அம்மைக்கு ரொம்ப வேண்டியவுக."

"ஆமா."

"ஏன் கயித்தக் கட்டாம நிக்க? குளிருதா?"

அவள் இரண்டாம் சுற்றைச் சுற்றினாள். முடிச்சுப் போடாமல், கயிற்றின் இரண்டு நுனிகளையும் இழுத்துப் பிடித்தபடி நின்றாள். மரத்துக்கு அந்தப் பக்கம் அவர் முகம், ஒரு முழத் தூரத்தில் இருந்தது. தலையை நிமிர்த்தி அவர் கண்ணைப் பார்த்தாள்.

"கருப்பட்டி தீந்துட்டுன்னு சொல்லப் போறியா?" என்று கேட்டார். ஆனால் அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"இல்ல. ஒண்ணு கேக்கணும். ஆண்டவர்ட்ட இல்ல, உங்கள்ட்டத்தான் கேக்கேன்."

காற்று ஒரு முறை ஓங்கி அடித்து ஓய்ந்தது. அவர் மரத்தை விடவில்லை.

"அத்தை சாவதுக்கு முன்ன எங்கிட்டக் கையடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாக. அவுகளுக்கு எல்லாம் தெரியும். அன்னைக்கு யாரு போயி மாமாட்டச் சொன்னதுன்னும் தெரியும். ஏழு வயசுப் புள்ள நல்லதுன்னு நெனச்சுச் சொன்னான்னுதான் எங்கிட்டச் சொன்னாக. நீங்க நோவப்பிடாதேன்னுதான் கேக்காமலே போயிட்டாக."

தேவசிகாமணியின் வாய் கோணியது. தோளில் கிடந்த மரம் ஒரு விரற்கடை இறங்கியது. ஹெப்சிபா கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றி இழுத்து நிறுத்தினாள்.

"இன்னைக்கு நம்ம புள்ள நிறுத்துத எடத்துல, அருமைநாயகம்னு நீங்க சொல்லணும். உங்க வாயால. ஜெபம் ஒண்ணும் வேண்டாம், பேரு மட்டும் போதும். சொல்லுங்க."